ஒரே பெயர், வேறு வேறு பெண்கள்: கிரேக்கப் புராணத்திலும் வரலாற்றிலும் யார் யார்?

கிரேக்கக் கதைகளையும் வரலாற்றையும் படிக்கத் தொடங்குபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. கேள்விகள் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இருக்கின்றன. முதலில் எளியவை, போகப்போகச் சிக்கலானவை. ஒருமுறை சொன்னதைத் திருப்பிச் சொல்லாமல் மேலே உள்ள பதிலைச் சுட்டியிருக்கிறோம். அதனால் வரிசையாகப் படிப்பது நல்லது.

ஒரே பெயரை ஏன் இத்தனை பேருக்கு வெச்சாங்க? வேற பெயரே கிடைக்கலையா?

பெயருக்குப் பஞ்சமில்லை. கல்வெட்டுகளிலும் பாப்பிரஸ் ஏடுகளிலும் ஆயிரக்கணக்கான கிரேக்கப் பெயர்கள் கிடைத்திருக்கின்றன. காரணம் குடும்ப வழக்கம். மூத்த மகனுக்குத் தந்தைவழித் தாத்தாவின் பெயர், மகளுக்குப் பாட்டியின் பெயர் என்று வைப்பது பரவலாக இருந்தது. அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு மகளுக்குத் தங்கள் தாயின் பெயரை வைத்தால், ஒரே காலத்தில் ஒரே பெயரில் இரண்டு பெண்கள். அரச குடும்பங்களில் அந்த இருவரும் ஒரே போரின் கதையில் வந்துவிடுவதும் உண்டு.

புராணத்தில் காரணம் வேறு. பல கதைகளில் முதலில் 'அரசன் மகள்' மட்டும்தான் இருந்தாள், பெயர் இல்லை. பின்னால் வந்த கவிஞர்களும் உரைகாரர்களும் அவளுக்குப் பெயர் சூட்டியபோது, எந்த அரசகுமாரிக்கும் பொருந்தும் பெயர்களை எடுத்துக்கொண்டார்கள். எனவே வரலாற்றில் ஒரே பெயர் என்றால் பெரும்பாலும் உறவு இருக்கும். புராணத்தில் ஒரே பெயர் என்றால் எந்தச் சம்பந்தமும் இல்லாமல் இருக்கலாம்.

அப்போ அந்தக் காலத்து ஆளுங்க எப்படிப் பிரிச்சுச் சொன்னாங்க?

கிரேக்கர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஒருவருக்கு ஒரே பெயர்தான். அதோடு தந்தை பெயரைச் சேர்ப்பார்கள், நம் இனிஷியலைப் போல. வெளியூரில் என்றால் ஊர்ப் பெயரும் சேரும். பெண்ணுக்குக் கல்யாணத்துக்கு முன் 'இன்னாரின் மகள்', பின்பு பல இடங்களில் 'இன்னாரின் மனைவி'. அரசிகளுக்குப் பட்டப்பெயர் கூடுதலாக உண்டு.

ஏதென்ஸ் நகரத்து நீதிமன்ற உரைகளில் இன்னொரு சிக்கல். உயிரோடு இருக்கும் மரியாதைக்குரிய பெண்ணின் பெயரைப் பொதுவில் சொல்வதைப் பேச்சாளர்கள் தவிர்த்தார்கள். 'அவருடைய தாய்', 'என் சகோதரி' என்றுதான் வரும். பெயர் சொல்லப்பட்டால் அவள் இறந்தவளாகவோ, எதிர்த்தரப்பைச் சேர்ந்தவளாகவோ, மரியாதை குறைத்துப் பேசப்படுபவளாகவோ இருக்க வாய்ப்பு அதிகம்.

ரோமாபுரியில எல்லாருமே ஜூலியா, ஆன்டோனியான்னு இருக்காங்களே, அது மாதிரிதானா இதுவும்?

இல்லை. ரோமானியர்கள் மகளுக்குக் குலப்பெயரின் பெண்பால் வடிவத்தை வைத்தார்கள். மார்க் ஆன்டனிக்கும் ஆக்டேவியாவுக்கும் பிறந்த இரண்டு மகள்களுமே ஆன்டோனியாதான். மூத்தவள், இளையவள் என்ற அடைமொழிதான் வேறுபாடு. கிரேக்க வீட்டில் ஒவ்வொரு மகளுக்கும் தனிப் பெயர். எகிப்தை ஆண்ட தாலமி வம்சத்தின் பிற்காலம் மட்டும் இதற்கு விலக்கு. அங்கே அக்காவும் கிளியோபாட்ரா, தங்கையும் கிளியோபாட்ரா.

ஏழாம் கிளியோபாட்ரான்னா, அவங்களுக்கு முன்னாடி ஆறு கிளியோபாட்ரா எகிப்தை ஆண்டாங்களா?

எல்லோரும் ஆளவில்லை. இந்த எண்கள் பிற்கால வரலாற்றாசிரியர்கள் போட்டவை. சீசரையும் ஆன்டனியையும் சந்தித்த கிளியோபாட்ராவிடம் (கி.மு. 69–30) 'நீங்கள் ஏழாவதா?' என்று கேட்டிருந்தால் அவருக்குப் புரிந்திருக்காது.

வரிசை இப்படி. முதலாமவர் சிரியாவை ஆண்ட செலூசிட் அரசர் 3ஆம் ஆன்டியோக்கஸின் மகள். 5ஆம் தாலமியை மணந்து எகிப்துக்கு இந்தப் பெயரைக் கொண்டுவந்தவர் இவர்தான். அதற்கு முன் அந்த வம்சத்து அரசிகளின் பெயர்கள் அர்சினோயி, பெரனிசி. கணவர் இறந்தபின் சிறுவயது மகனுக்காக ஆட்சியைக் கவனித்தார். 2ஆம், 3ஆம் கிளியோபாட்ராக்கள் இணையாட்சி செய்த பலம் வாய்ந்த அரசிகள். நான்காமவர் சிறிது காலமே அரசியாக இருந்து, விவாகரத்துக்குப் பின் சிரியா சென்று, கடைசியில் சொந்த அக்கா டிரிஃபேனாவின் உத்தரவால் கொல்லப்பட்டார்.

ஐந்து, ஆறு இரண்டிலும்தான் புத்தகத்துக்குப் புத்தகம் வேறுபாடு. 12ஆம் தாலமியின் மனைவி கிளியோபாட்ரா டிரிஃபேனா கி.மு. 69 வாக்கில் ஆவணங்களிலிருந்து மறைகிறார். பத்தாண்டுகள் கழித்து, அந்த அரசர் நாட்டைவிட்டு ஓடியிருந்தபோது, மகள் 4ஆம் பெரனிசியோடு சேர்ந்து ஆண்டவராக மறுபடியும் ஒரு கிளியோபாட்ரா டிரிஃபேனா தெரிகிறார். திரும்பி வந்தது அதே மனைவி என்பவர்கள் ஒரே ஆளாக எண்ணுகிறார்கள். அவரது மகள் என்பவர்கள் ஐந்து, ஆறு என்று பிரிக்கிறார்கள். போதாததற்குச் சிலர் கிளியோபாட்ரா செலீனி என்ற வேறொரு அரசிக்கு ஐந்தாம் எண்ணைத் தருகிறார்கள். ஆகவே 'ஐந்தாம் கிளியோபாட்ரா' என்று மட்டும் எழுதியிருந்தால் நம்பாதீர்கள். கணவர் யார் என்று பாருங்கள்.

அலெக்சாண்டருக்கு ஒரு கிளியோபாட்ரா சகோதரியாமே? அவரோட அப்பாவும் ஒரு கிளியோபாட்ராவைக் கல்யாணம் பண்ணினாராமே? ரெண்டும் ஒண்ணா?

இரண்டு பேர். இருவரும் ஒரே அரண்மனையில் இருந்ததால்தான் தொல்லை.

ஒருவர் மாசிடோனிய அரசர் 2ஆம் பிலிப்புக்கும் ஒலிம்பியாஸுக்கும் பிறந்த மகள், அலெக்சாண்டரின் உடன்பிறந்த சகோதரி. கி.மு. 336இல் தாய்மாமனான எபிரஸ் அரசரை மணந்தார். அந்தக் கல்யாண விழாவில்தான் பிலிப் குத்திக் கொல்லப்பட்டார். மாப்பிள்ளையின் பெயரும் அலெக்சாண்டர்தான் என்பது கூடுதல் இடைஞ்சல். மற்றவர் அதற்கு முந்தைய ஆண்டு பிலிப் மணந்த கடைசி மனைவி, தளபதி அட்டலஸின் உறவினர். பிலிப் இறந்ததும் ஒலிம்பியாஸ் இவரையும் இவருடைய குழந்தையையும் தீர்த்துக்கட்டினார். ஆகவே கி.மு. 336க்குப் பிறகு மாசிடோனியாவில் நடமாடும் கிளியோபாட்ரா என்றால் சகோதரிதான். கி.மு. 308 வாக்கில் சார்டிஸ் நகரில் கொல்லப்பட்டவரும் அவரே.

இந்தப் பெயர் இதைவிடப் பழையது. இலியட்டின் 9ஆம் காண்டத்தில் மெலியாகரின் மனைவி கிளியோபாட்ரா. பார்வையிழந்த அரசன் ஃபினியஸின் மனைவியும், வடகாற்றுத் தேவனின் மகளுமான இன்னொரு கிளியோபாட்ராவும் புராணத்தில் உண்டு.

அம்மா, பொண்ணு ரெண்டு பேரும் கிளியோபாட்ரா, ரெண்டு பேருக்கும் ஒரே புருஷன்னு படிச்சேன். நிஜமா?

நிஜம்தான். 2ஆம் கிளியோபாட்ரா முதலில் தன் சகோதரர் 6ஆம் தாலமியை மணந்தார். அவர் கி.மு. 145இல் இறந்தபின் இன்னொரு சகோதரர் 8ஆம் தாலமியை மணந்தார். சில ஆண்டுகளில் 8ஆம் தாலமி, முதல் கல்யாணத்தில் பிறந்த அவருடைய மகளையும் மணந்துகொண்டார். அந்த மகள்தான் 3ஆம் கிளியோபாட்ரா. தாய் அரசியாக நீடித்தார், மகளும் அரசியானார்.

எழுத்தர்கள் இதை எப்படிச் சமாளித்தார்கள் என்பது சுவாரசியம். ஆவணத் தலைப்பில் அரசர் தாலமி, 'சகோதரியான அரசி கிளியோபாட்ரா', 'மனைவியான அரசி கிளியோபாட்ரா' என்று எழுதினார்கள். பாப்பிரஸில் 'சகோதரி' என்று கண்டால் தாய், 'மனைவி' என்று கண்டால் மகள். இதை அறியாமல் படித்தால் நேர்மாறாகப் புரிந்துகொள்வோம்.

இந்தத் தாய்க்கு இன்னொரு மகளும் கிளியோபாட்ராவே. தியா என்ற பட்டப்பெயரோடு சிரியாவில் அடுத்தடுத்து மூன்று செலூசிட் அரசர்களை மணந்தவர் அவர். அங்கே தன் பெயரிலேயே நாணயமும் அடித்தார்.

அர்சினோயி ஒன்று, ரெண்டு, மூணு, நாலு... தலை சுத்துது. சுலபமா சொல்லுங்களேன்.

1ஆம் அர்சினோயி: திரேஸை ஆண்ட லிசிமாக்கஸின் மகள், 2ஆம் தாலமியின் முதல் மனைவி. 2ஆம் அர்சினோயி: 2ஆம் தாலமியின் உடன்பிறந்த அக்கா. இவர் முதலில் மணந்தது லிசிமாக்கஸையே. அதாவது இரண்டாமவர் முதலாமவருக்குச் சிற்றன்னை. லிசிமாக்கஸ் கி.மு. 281இல் போரில் மாண்டபின், மாற்றாந்தாய்க்குப் பிறந்த சகோதரர் தாலமி கெரவ்னஸை மணந்து, அவர் தன் மகன்களைக் கொன்றதும் எகிப்துக்குத் தப்பி வந்தார். அங்கே சொந்தத் தம்பியை மணந்தார். முதல் மனைவி காப்டஸ் ஊருக்கு நாடுகடத்தப்பட்டார்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. 3ஆம் தாலமியைப் பெற்றவர் 1ஆம் அர்சினோயி. ஆனால் அரசாங்கக் கல்வெட்டுகள் அவரை 2ஆம் தாலமிக்கும் 2ஆம் அர்சினோயிக்கும் மகன் என்றே குறிக்கின்றன. கல்வெட்டை மட்டும் பார்த்து வம்சாவளி வரைந்தால் தாய் மாறிவிடுவார்.

மற்ற இருவர் எளிது. 3ஆம் அர்சினோயி கி.மு. 217இல் ரஃபியா போர்க்களத்தில் கணவரோடு இருந்தவர். 4ஆம் அர்சினோயி பிரபல கிளியோபாட்ராவின் தங்கை. சீசரின் வெற்றி ஊர்வலத்தில் ரோமில் கைதியாக நடத்திச் செல்லப்பட்டு, கி.மு. 41இல் எபேசுவில் ஆன்டனியின் உத்தரவால் கொல்லப்பட்டவர்.

கூந்தலை நட்சத்திரமா மாத்தின பெரனிசி, சிரியாவில கொலையான பெரனிசி, ரெண்டும் ஒரே ஆளா?

இல்லை. நாத்தனாரும் அண்ணியும். முதல் கேள்வியில் சொன்ன பாட்டி பெயர் வழக்கத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. பாட்டி 1ஆம் பெரனிசி. முதல் கணவர் மூலம் அவருக்குப் பிறந்தவர் மாகஸ், சைரீனின் அரசர். இரண்டாம் கணவர் 1ஆம் தாலமி மூலம் பிறந்தவர் 2ஆம் தாலமி. இரண்டு மகன்களும் தங்கள் மகளுக்குத் தாயின் பெயரை வைத்தார்கள்.

2ஆம் தாலமியின் மகள் பெரனிசி செலூசிட் அரசர் 2ஆம் ஆன்டியோக்கஸுக்கு வாழ்க்கைப்பட்டார். இந்தப் பெரனிசிக்காக விலக்கிவைக்கப்பட்ட முதல் மனைவி லவோடிசி. கி.மு. 246இல் ஆன்டியோக்கஸ் இறந்ததும் லவோடிசியின் ஆட்கள் பெரனிசியையும் அவர் மகனையும் கொன்றார்கள். தங்கைக்காக 3ஆம் தாலமி சிரியாமீது படையெடுத்தார். அவர் நலமாகத் திரும்ப வேண்டும் என்று எகிப்தில் தன் கூந்தலைக் காணிக்கையாக நேர்ந்துகொண்டவர் அவர் மனைவி, மாகஸின் மகளான பெரனிசி. கோயிலில் வைத்த கூந்தல் காணாமல் போக, அரண்மனை வானியலாளர் கோனன் அதை வானத்தில் 'கண்டுபிடித்தார்'. இன்றைய 88 அதிகாரபூர்வ விண்மீன் குழுக்களில் 'பெரனிசியின் கூந்தல்' ஒன்று. ஆக, கொல்லப்பட்டவர் ஒரு பெரனிசி, அந்தப் போருக்காக முடி கொடுத்தவர் இன்னொரு பெரனிசி.

பெரனிகே துறைமுகம் இவங்க பெயர்லயா? பைபிள்ல வர்ற பெர்னீக்கேயாளும் இந்த வம்சமா?

செங்கடல் கரையில் உள்ள பெரனிகே பாட்டியின் பெயரில் அமைந்தது. 2ஆம் தாலமி தன் தாய்க்காக வைத்த பெயர். தமிழகத்தோடு நேரடித் தொடர்புள்ள ஊர் இது. ரோமானியர் காலத்தில் இங்கிருந்து கப்பல்கள் மேற்குக் கடற்கரைக்கு வந்தன. அகழாய்வில் தமிழ்ப் பிராமி எழுத்துள்ள பானை ஓடும், இந்தியச் சாடி ஒன்றில் சுமார் 7.5 கிலோ மிளகும் கிடைத்தன. லிபியாவில் இன்று பெங்காசி எனப்படும் ஊருக்கும் அன்று பெரனிகே என்றுதான் பெயர். அது பேத்தியின், அதாவது கூந்தல் பெரனிசியின் பெயரால் வந்தது.

அப்போஸ்தலர் நடபடிகள் 25இல் அகிரிப்பா ராஜாவோடு வரும் பெர்னீக்கேயாள் ஏரோது குடும்பத்து யூத அரசகுமாரி. தாலமி வம்சம் முடிந்து பல பத்தாண்டுகளுக்குப் பிந்தியவர். வெளிப்படுத்தின விசேஷத்தில் வரும் லவோதிக்கேயா நகரம் மட்டும் மேலே சொன்ன லவோடிசியின் பெயரைத் தாங்கியது. கணவர் 2ஆம் ஆன்டியோக்கஸ் சூட்டியது. சிரியாவின் கடற்கரை லவோதிக்கேயா (இன்றைய லதாக்கியா) வேறு. அது வம்சத்தை நிறுவிய செலூக்கஸின் தாய் லவோடிசியின் பெயரில் உள்ளது.

கப்பல் படை நடத்தின ஆர்ட்டெமிசியாதானே புருஷனுக்கு உலக அதிசயக் கல்லறை கட்டினது?

இந்தத் தவறு மிகப் பரவலானது. இருவரும் ஹலிகார்னசஸ் நகரத்து அரசிகள், இருவரும் கணவனை இழந்தபின் ஆண்டவர்கள். ஆனால் நடுவில் சுமார் 130 ஆண்டுகள். லிக்டாமிஸின் மகளான முதலாமவர் ஐந்து கப்பல்களோடு பாரசீக மன்னன் செர்க்சஸுக்காக கி.மு. 480இல் சலாமிஸில் போரிட்டார். அவரைப் பிடித்துத் தருபவருக்கு ஏதென்ஸ் 10,000 டிராக்மா பரிசு அறிவித்ததாக ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். ஹெக்கட்டோம்னஸின் மகளான இரண்டாமவர் மவுசோலஸின் மனைவியும் சகோதரியும். கணவர் இறந்த கி.மு. 353 முதல் 351 வரை ஆண்டு, மவுசோலியம் என்ற நினைவிடத்தை எழுப்பியவர்.

'கப்பல் என்றால் முதலாமவர்' என்று சூத்திரம் வைத்துக்கொள்ள முடியாது. ரோட்ஸ் தீவின் கப்பற்படையை இரண்டாமவர் தந்திரமாகக் கைப்பற்றிய கதையை விட்ருவியஸ் சொல்கிறார். தந்தை பெயரோ எதிரியின் பெயரோ பார்த்தால்தான் உறுதி.

ஆர்ஃபியஸ் மனைவி யூரிடிசிதானே ஆன்டிகனி நாடகத்திலயும் வர்றாங்க?

இல்லை. நாடகத்தில் வருபவர் தீப்ஸ் அரசன் கிரியோனின் மனைவி. மகன் ஹேமன் இறந்ததைக் கேட்டுத் தற்கொலை செய்துகொள்பவர். பெர்சியஸின் பாட்டியான, டனாயியைப் பெற்ற யூரிடிசி இன்னொருவர். நெமியாவில் பாம்பு கடித்து இறந்த குழந்தை ஒஃபெல்டஸின் தாயும் யூரிடிசி. பாம்பு என்றதும் ஆர்ஃபியஸ் கதையோடு சேர்த்துவிடுபவர்கள் உண்டு. அங்கே பாம்பு கடித்தது மனைவியை, இங்கே குழந்தையை.

ஆர்ஃபியஸின் மனைவிக்கு இந்தப் பெயர் நிலைத்தது பிற்காலத்தில்தான். பழைய குறிப்புகளில் அவள் வெறும் மனைவி. ஹெர்மெசியானாக்ஸ் என்ற கவிஞர் அவளை அக்ரியோப்பி என்கிறார்.

மாசிடோனியாவில கல்யாணம் ஆனா எல்லாருக்கும் யூரிடிசின்னு பெயர் மாத்திடுவாங்களா?

எல்லோருக்கும் இல்லை. ஆனால் சந்தேகம் நியாயமானது. பிலிப்பின் தாய் பெயர் யூரிடிசி. வெர்ஜினாவில் கிடைத்த காணிக்கைக் கல்வெட்டுகள் அவரைச் சிர்ராஸின் மகள் யூரிடிசி என்று குறிப்பிடுவதால் இவரை அடையாளம் காண்பதில் சிக்கல் இல்லை. பிறகு பிலிப்பின் பேத்தி அடேயா, பிலிப்பின் இன்னொரு மகன் அர்ஹிடேயஸை மணந்ததும் யூரிடிசி ஆனார், கி.மு. 317இல் ஒலிம்பியாஸ் வாளும் சுருக்குக் கயிறும் நஞ்சும் அனுப்பி, ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது இவரிடம்தான். பிலிப்பின் கடைசி மனைவி கிளியோபாட்ராவையும் ஓரிடத்தில் வரலாற்றாசிரியர் அரியன் யூரிடிசி என்கிறார்.

இதை வைத்து 'யூரிடிசி என்பது பட்டம்' என்று சிலர் சொல்கிறார்கள். அந்த முடிவுக்கு ஆதாரம் போதாது. ஒலிம்பியாஸே பொலிக்சினா, மிர்டாலி, ஸ்ட்ராட்டோனிசி என்று வேறு பெயர்களும் கொண்டிருந்தவர். கல்யாணம், வெற்றி, விரதம் போன்ற தருணங்களில் பெயர் மாறுவது அங்கே சாதாரணம். ஆகவே ஒரே பெயரில் பலர் இருப்பதைப் போலவே, பல பெயரில் ஒருவர் இருப்பதையும் எதிர்பார்க்க வேண்டும்.

கிரியூசான்னு தேடினா மீடியா கதையும் வருது, ட்ரோஜன் போரும் வருது. யார் இவங்க?

முதல் பதிலில் சொன்ன 'எந்த அரசகுமாரிக்கும் பொருந்தும் பெயர்' இதுதான். ஆண்பாலில் கிரியோன், பெண்பாலில் கிரியூசா: ஆள்பவன், ஆள்பவள். பெயரில்லாத அரசனுக்கும் அவன் மகளுக்கும் தயாராக இருந்த பெயர்கள். தீப்ஸில் ஒரு கிரியோன், கொரிந்தில் ஒரு கிரியோன் இருப்பதும் இதனால்தான்.

மூன்று கிரியூசாக்களை நினைவில் வைத்தால் போதும். ஏதென்ஸ் அரசன் எரெக்தியஸின் மகள்: அப்பல்லோ மூலம் அயோனைப் பெற்றவள். கொரிந்து இளவரசி: ஜேசனை மணக்கப்போய், மீடியா அனுப்பிய நஞ்சு தோய்ந்த ஆடையால் எரிந்தவள். யூரிப்பிடிஸ் தன் 'மீடியா' நாடகத்தில் இவளுக்குப் பெயரே தரவில்லை, சிலர் கிளாக்கி என்கிறார்கள். ட்ராய் நகரத்து பிரியாமின் மகள்: ஈனியஸின் மனைவி, நகரம் எரியும் இரவில் தொலைந்துபோனவள். பழைய காவியங்கள் அந்த ஈனியஸின் மனைவியை யூரிடிசி என்றதாகப் பௌசானியஸ் குறிப்பிடுகிறார். முந்தைய கேள்விக்குள் மறுபடி போய்விட்டோம்!

எலெக்ட்ரா?

அகமெம்னனின் மகள் ஒருத்தி. அட்லஸின் மகளும் கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தில் ஒருத்தியும் டார்டனஸின் தாயுமானவள் இன்னொருத்தி. வானவில் தேவதை ஐரிஸைப் பெற்ற கடல்மகள் மூன்றாமவள். குடும்பம் பார்த்தால் உடனே பிரிந்துவிடும், சிக்கலே இல்லை.

தீசியஸ் தூக்கிட்டு வந்த அமேசான் பெண் ஆன்டியோப்பியா, ஹிப்போலிட்டாவா?

இரண்டு விதமாகவும் பழைய எழுத்துகளில் இருக்கிறது. ஹிப்போலிட்டஸைப் பெற்ற அமேசானைச் சிலர் ஆன்டியோப்பி என்கிறார்கள், சிலர் ஹிப்போலிட்டா என்கிறார்கள். புளூட்டார்க் இரண்டையும் பதிவு செய்கிறார். ஹெராக்ளிஸ் ஒன்பதாவது பணியில் இடைக்கச்சையைப் பறித்தது ஹிப்போலிட்டாவிடம். இரண்டு பயணங்களையும் ஒன்றாக்கிச் சொன்னவர்களிடம் பெயரும் கலந்துவிட்டது.

தீப்ஸ் நகரத்தின் ஆன்டியோப்பி இவர்களோடு சேராதவள். சீயஸ் மூலம் ஆம்ஃபியான், சீத்தஸ் என்ற இரட்டையரைப் பெற்றவள். அவளுக்கும் தந்தை யார் என்பதில் வேறுபாடு: ஹோமர் அசோப்பஸ் என்கிறார், மற்றவர்கள் நிக்டியஸ் என்கிறார்கள். ஆக, தந்தை வேறு என்பது மட்டும் ஆள் வேறு என்பதற்குச் சான்றாகாது. புராணத்தில் இதுதான் பெரிய வழுக்கல்.

அட்டலாண்டா ஒருத்தியா ரெண்டு பேரா? புத்தகத்துக்குப் புத்தகம் மாறுதே.

ஆர்க்கேடியாக்காரி: தந்தை ஐயசஸ், காட்டில் கரடியிடம் பால் குடித்து வளர்ந்தவள், காலிடோன் பன்றி வேட்டையில் முதல் அம்பு எய்தவள், கணவன் மெலானியன். பியோஷியாக்காரி: தந்தை ஸ்கீனியஸ், ஓட்டப்பந்தயத்தில் மூன்று தங்க ஆப்பிள்களால் தோற்றவள், கணவன் ஹிப்போமினிஸ். இப்படிப் பிரித்தால் சுத்தமாக இருக்கிறது. ஆனால் பழைய நூல்களே இந்தச் சுத்தத்தைக் குலைக்கின்றன. அப்பல்லோடோரஸ் நூலில் ஆர்க்கேடிய அட்டலாண்டாவே பந்தயம் ஓடி, மெலானியனின் ஆப்பிள்களுக்கு மயங்குகிறாள். யூரிப்பிடிஸ் தந்தையை மீனலஸ் என்கிறார் என்றும் அதே நூல் சேர்த்துக்கொள்கிறது.

கல்யாணத்தை வெறுக்கும் வேட்டைக்காரி ஒருத்தி, அவளை இரண்டு ஊர்கள் உரிமை கொண்டாடின என்று எடுப்பதே பொருத்தம். 'இருவர்' என்பது முரண்களைச் சமன்செய்யப் பின்னால் வந்த தீர்வு.

ரெண்டு அரியாட்னி இருந்தாங்கன்னு யாரோ எழுதியிருந்தாங்க. கட்டுக்கதையா?

யாரோ இல்லை, நாக்ஸஸ் தீவுக்காரர்கள். அவர்களில் சிலரின் கூற்றைப் புளூட்டார்க், தீசியஸ் வரலாற்றில் தருகிறார். இரண்டு மினோஸ் (அரியாட்னியின் தந்தையான கிரீட் அரசன்), இரண்டு அரியாட்னி. முதலாமவள் டயோனிசஸை மணந்தவள். காலத்தால் பிந்தியவள், தீசியஸ் கூட்டிவந்து கைவிட்டவள், செவிலி கோர்சினியோடு தீவுக்கு வந்து அங்கேயே இறந்தவள். முதலாமவளுக்குக் கொண்டாட்டமாகவும் இரண்டாமவளுக்குத் துக்கமாகவும் விழா எடுத்தார்களாம்.

காரணம் தெளிவு. ஒரே பெயருக்கு ஒரே தீவில் மகிழ்ச்சி விழாவும் துக்க விழாவும் இருந்தால் விளக்கம் வேண்டும். ஆளை இரண்டாக்கினால் பிரச்சினை தீர்ந்தது. அட்டலாண்டாவுக்கு நடந்ததும் இதுவே.

ஸ்கில்லா ஆறு தலை அரக்கிதானே? அப்பாவோட முடியை வெட்டினது எப்படி?

வெட்டியவள் மெகாரா அரசன் நைசஸின் மகள். நகரைக் காத்துவந்த அவனுடைய ஊதா நிற மயிரை மினோஸுக்காக அறுத்து, கடைசியில் கடற்பறவையானாள். ஆறு தலையோடு மாலுமிகளைக் கவ்வியவள் ஒடிஸியில் வரும் கடலரக்கி. உங்களுக்கு மட்டும் குழப்பமில்லை. வர்ஜில் தன் 6ஆம் ஆயர்பாடலில் கப்பல்களைத் தாக்கும் அரக்கியையே நைசஸின் மகள் என்கிறார். ஓவிட் தன் உருமாற்றக் காவியத்தில் இருவரையும் தனித்தனிக் காண்டங்களில் வைக்கிறார்.

சாஃபோவும் ரெண்டு பேராமே?

லெஸ்பாஸ் தீவின் கவிஞர் சாஃபோ ஒருவரே. அதே தீவின் எரெசஸ் ஊரில் சாஃபோ என்ற கணிகை வேறொருத்தி இருந்ததாகப் பழைய எழுத்தாளர்கள் ஏலியனும் அதீனேயஸும் எழுதுகிறார்கள். ஃபேயோன் என்ற படகோட்டியைக் காதலித்த கதையை அதீனேயஸ் அவள்மீது ஏற்றுகிறார். நகைச்சுவை நாடகங்கள் கவிஞரைப் பற்றிப் பரப்பிய கதைகளிலிருந்து அவர் பெயரைக் காப்பாற்ற உருவாக்கிய இரட்டை இது என்றே தோன்றுகிறது. நல்லது ஒருத்திக்கு, கெட்டது மற்றவளுக்கு என்று அளவெடுத்தாற்போல் பிரிந்தால் சந்தேகப்படுங்கள்.

அஸ்பேசியா விஷயம் அப்படியல்ல. பெரிக்கிளிஸின் துணைவி மிலேட்டஸ் ஊர்க்காரர். அவருடைய புகழால் பாரசீக இளவரசன் இளைய சைரஸ், ஃபோசியாவைச் சேர்ந்த மில்டோ என்ற தன் காதலிக்கு அஸ்பேசியா என்று பெயர் மாற்றினான். இங்கே உண்மையிலேயே இருவர்.

ஒரு பெயர் மட்டும் கையில இருக்கு. யாருன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

முதலில் அது கதையா, ஆவணமா என்று பாருங்கள். ஆவணம் என்றால் தந்தை, கணவன், ஊர், ஆட்சியாண்டு இந்த வரிசையில் தேடுங்கள். இரண்டு பொருந்தினால் பெரும்பாலும் ஆள் கிடைத்துவிடும். பட்டப்பெயர் உதவும், ஆனால் ஒரே பட்டத்தைப் பலர் வைத்திருந்ததால் அதை மட்டும் நம்பக்கூடாது. கதை என்றால் தந்தையைவிட மகனைப் பாருங்கள். தந்தை பெயர் கவிஞருக்குக் கவிஞர் மாறும். 'அயோனின் தாய்', 'ஹேமனின் தாய்' போன்ற உறவு அவ்வளவு சுலபத்தில் மாறாது. எந்த ஆசிரியர் சொன்னது என்பதையும் பெயருக்குப் பக்கத்திலேயே குறித்துவையுங்கள்.

பழைய ஆசிரியர் எழுதிவிட்டார் என்பதற்காகவும் நம்பிவிட முடியாது. கூந்தல் பெரனிசியின் தாய் அப்பாமா. ஜஸ்டின் அவரை அர்சினோயி என்று எழுதிவிட்டார். அந்த வம்சத்தில் அர்சினோயிகள் நிறைந்திருந்ததால் கை தவறியிருக்க வேண்டும்.

தமிழ்ல ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரி எழுதுறாங்களே, அதுவே குழப்பமா இருக்கே?

பெரனிசி, பெரனிஸ், பெரனிகே மூன்றும் ஒரே பெயர். யூரிடிசி, யூரிடைஸ், எவ்ரிதிகி ஆகியவையும் அப்படியே. ஆங்கில ஒலிப்பு வழியாக வந்ததா, கிரேக்க ஒலிப்பு வழியாக வந்ததா என்பதே வேறுபாடு. நேர்மாறான ஆபத்து ஐயோவும் ஐனோவும்: பசுவாக மாறியவள் ஐயோ, கடல்தேவதையானவள் ஐனோ, எழுத்துப்பிழையால் ஒன்றாகிவிடுவார்கள். கட்டுரை எழுதுபவர்கள் ஒரு வடிவத்தைத் தேர்ந்து கடைசிவரை அதையே எழுதுங்கள். முதல்முறை வரும்போது தந்தை அல்லது கணவன் பெயரைச் சேர்த்துவிடுங்கள்.

எகிப்து பாப்பிரஸ்ல கிளியோபாட்ரான்னு இருந்தா அரசிதானே?

அவசியமில்லை. அரசிகளின் பெயர்களைச் சாதாரணக் குடும்பங்களும் பெண்களுக்கு வைத்தன. நிலம் குத்தகைக்கு விட்ட கிளியோபாட்ராவும், கடன் வாங்கிய பெரனிசியும் இருப்பார்கள். அரசி என்றால் பெயருக்கு முன் 'பசிலிஸா' என்ற சொல் இருக்கும், பெரும்பாலும் அரசர் பெயரும் ஆட்சியாண்டும் கூடவே வரும். இவை எதுவும் இல்லாமல் வெறும் பெயர் மட்டும் இருந்தால், பிரபலமானவரோடு ஒட்டாமல் 'தாலமி காலத்துப் பெண் ஒருவர்' என்று குறித்துவிட்டு மேலே போங்கள்.